கட்டுமானத் தரப் பரிசோதனைச் சேவை: கான்கிரீட் போடும் முன் கிடைத்த உதவி

ஒப்பந்ததாரரைச் சாராத பொறியாளர் ஒருவர், வேலையின் முக்கியக் கட்டங்களில் நேரில் வந்து தரத்தைச் சோதித்துத் தரும் சேவையை எங்கள் வீட்டுக்குப் பயன்படுத்தினோம். கொடுத்த கட்டணத்துக்கு முழுப் பயன் கிடைத்தது, மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு முன் நடந்த சோதனையில்தான். கம்பிக்கட்டு பார்வைக்கு ஒழுங்காகவே இருந்தது. ஆனால் அவர் குனிந்து பார்த்து, பல இடங்களில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து உயர்த்தி வைக்கும் சிறு கட்டை) இல்லாமல் கம்பிகள், கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் சென்ட்ரிங் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்ததைச் சுட்டிக்காட்டினார். கம்பிக்கு அடியில் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் கனத்துக்காவது கான்கிரீட் இல்லாவிட்டால், ஈரம் எளிதில் எட்டி, துரு ஏறிக் கம்பி பருத்து, கூரையின் அடிப்பகுதி பெயர்ந்து விழும் என்று பொறுமையாக விளக்கி, அனைத்தையும் சரிசெய்த பிறகே வேலையைத் தொடரச் சொன்னார். கான்கிரீட் போட்டுவிட்டால் இந்தக் குறையை எளிதில் சரிசெய்ய முடியாது என்பதால், இந்த ஒரு சோதனையே எனக்குப் பெரும் நிம்மதியைத் தந்தது.

கலவையின் இளக்கத்தை ஸ்லம்ப் சோதனையால் (கூம்பு அச்சை எடுத்ததும் கலவை எவ்வளவு சரிகிறது என்று அளப்பது) பார்த்ததும், 28 நாளில் கான்கிரீட் பெறும் வலிமையை அறியக் கனசதுர மாதிரிகள் எடுத்ததும் முறையாகவே நடந்தன. குளியலறைத் தளத்தில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கசிவு பார்த்தார்கள். எல்லா வீட்டிலும் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இது.

குறை என்றால், எழுத்து அறிக்கை தாமதமாக வந்தது. மின் இணைப்புகளை மேலோட்டமாகவே பார்த்தார்கள். இச்சேவையை நாடுபவர்கள் பூச்சு வேலை வரை காத்திராமல், அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டும்போதே அழைப்பது நல்லது.