பண்ணவாடிக் கரையில் விலைக்கு நிற்கும் ஏழடி ஃபைபர் பரிசல்: சாமானை விடுங்கள், அடியைப் பாருங்கள்

மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பண்ணவாடிக் கரையில் ஒரு பழைய ஃபைபர் பரிசல் சாமான் செட்டோடு விற்பனைக்கு நிற்கிறது. வாய் ஏழடி, அடித்தட்டு ஆறடி, ஆழம் இரண்டடி. கூடவே இரண்டு துடுப்பு, மூன்று லைஃப் ஜாக்கெட், தங்கூசி வலை ஒரு மூட்டை, கயிறு, நங்கூரக் கல், மேலே புது நீலப் பெயின்ட். கேட்கும் விலை 18,000 ரூபாய். "எடுத்ததும் தண்ணியில விட்டுரலாம்" என்பதுதான் விற்பவரின் பேச்சு. விடலாம்தான். எத்தனை மாதத்துக்கு என்பதைக் கவிழ்த்துப் போட்டால் தெரிந்துவிடும்.

மூங்கில் பரிசல் பாறையில் உரசினால் வளைந்து கொடுக்கும். தார் பூசி மறுபடி ஓட்டுவார்கள். ஃபைபர் வளையாது, விரிசல் விடும். மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி. அணையைத் திறந்து நீர் இறங்க இறங்கக் கரை தள்ளிப்போகும். பண்ணவாடியில் முழுகிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைகாட்டும் காலத்தில், பரிசலைச் சரளைக்கல்லிலும் காய்ந்த சேற்றிலும் வெகுதூரம் இழுக்க வேண்டியிருக்கும். இங்கே ஓடும் ஃபைபர் பரிசல்கள் தண்ணீரில் சாவதில்லை, தரையில்தான் சாகின்றன. இதுவும் அப்படித்தான்.

அடித்தட்டின் நடுவே கையைத் தடவினால் பெயின்டுக்கு அடியில் சொரசொரவென்று நார் தட்டுப்படுகிறது. ஜெல்கோட் என்னும் வழவழப்பான மேற்பூச்சு தேய்ந்து கண்ணாடி நார் வெளியே வந்தபின் அதை மறைத்து அடித்த பெயின்ட் இது. நார் வெளியே தெரிந்தால் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அது தண்ணீரை உள்ளே இழுக்கும். ஐந்து ரூபாய் நாணயத்தால் நாலு விரல் இடைவெளி விட்டு அடி முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் 'டிக்' என்று கணீரெனச் சொல்லும், அடுக்கு பிரிந்த இடம் 'தொப்' என்று அமுங்கும். துடுப்பு போடுகிறவர் முட்டிபோடும் பக்கம் இந்தப் பரிசலில் ஒரு முழ நீளத்துக்குத் 'தொப்'தான். அதன் ஓரமாகச் சிலந்திவலை போல மூன்று விரிசல். உள்பக்கம் அதே இடத்தில், பிளம்பர்கள் குழாய்க்குப் பூசும் எபாக்சி களிமண்ணை வைத்து அடைத்திருக்கிறார்கள். அவசரத்துக்குச் சரி. ஆனால் அதன்மேல் பாலியஸ்டர் ரெசின் (கண்ணாடி நாரை இறுக்கிப் பிடிக்கும் பிசின்) சரியாகப் பிடிக்காது. முழுக்க அரைத்து எடுத்த பிறகுதான் முறையான ஒட்டு போட முடியும்.

எடை இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. இந்த அளவில், நான்கு மில்லிமீட்டர் கனத்தில் செய்த பரிசல் பலகையோடு சேர்த்து 45 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். மீன் எடைபோடும் தராசில் தொங்கவிட்டால் இது 54 காட்டுகிறது. கூடுதல் ஒன்பது கிலோ உள்ளே ஏறிய தண்ணீர், அதில் பெரும்பங்கு உட்காரும் பலகைக்குள் இருக்கிறது. மிதப்புக்காகத் தெர்மாகோலை வைத்து மூடிய பெட்டி அது. அசைத்தால் சலசலக்கிறது. தெர்மாகோல்மேல் நேரடியாக ரெசின் பூசியிருந்தால் ரெசினிலுள்ள ஸ்டைரீன் திரவம் தெர்மாகோலைக் கரைத்துவிடும். வெறும் பொந்துதான் மிஞ்சும். பலகையின் அடிமூலையில் ஆறு மில்லி துளை போட்டால் உண்மை ஒழுகி வந்துவிடும். துளை போட விடமாட்டேன் என்கிற விற்பனையாளரிடம் பேரத்தைத் தொடர வேண்டாம்.

ஒழுக்கு பார்க்க அணைக்குப் போக வேண்டியதில்லை. நாலு பழைய டயரைப் படுக்கவைத்து, பரிசலை மேலே உட்காரவைத்து, உள்ளே ஐந்து குடம் தண்ணீர் ஊற்றி, அடியில் சுண்ணாம்புப் பொடி தடவி அரைமணி விடுங்கள். ஈரம் பட்ட பொடி நிறம் மாறும்.

சரிசெய்ய முடியுமா என்றால், முடியும். பரிசலை வாரம் பத்து நாள் வெயிலில் கவிழ்த்துப் போட்டு, எடை குறைவது நின்றபின் வேலையைத் தொடங்க வேண்டும். ஈரத்தின்மேல் போட்ட ஒட்டு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. விரிசலைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் சரிவாக அரையுங்கள். நான்கு மில்லி கனத்துக்குப் பன்னிரண்டு மடங்கு சரிவு என்பது கணக்கு. அசிட்டோனால் துடைத்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள மேட் (கண்ணாடி நார் விரிப்பு) மூன்று அடுக்கு, சின்னதிலிருந்து பெரியதாகப் போடுங்கள். ஓரடிக்கு ஓரடி ஒட்டுக்கு மேட் 125 கிராம், ரெசின் 350 கிராம் போதும். ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் சேலம் வெயிலில் ஒரு சதவீதம், அதாவது மூன்று நான்கு மில்லிலிட்டர். ஏற்காட்டில் ஏதோ விடுதிக் குளத்துக்கு வாங்குகிறவர்கள் ஒட்டு வேலையைக் கீழேயே முடித்துக்கொண்டு ஏறுவது நல்லது. அந்தக் குளிரிலும் பனிமூட்டத்திலும் ரெசின் இறுகாமல் பிசுபிசுவென்று கிடக்கும். கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) கலக்காத ரெசின் கிடைத்தால் முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகு ஹார்டனரை ஊற்றுங்கள். கோபால்ட்டும் ஹார்டனரும் நேராகச் சேர்ந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும், பட்டறைகளில் கண் போனவர்கள் உண்டு.

இனி அந்தச் சாமான் செட். துடுப்பு ஒன்று நல்ல மரம். இன்னொன்றின் இலை ஆணியடித்து ஒட்டியது, எதிர்க்காற்றில் கழன்றுவிடும். லைஃப் ஜாக்கெட்டை மடித்து அழுத்தினால் மடிப்பு அப்படியே நிற்கிறது. உள்ளே ஃபோம் செத்துவிட்டது. ஐந்து கிலோ எடைக்கல்லைக் கட்டித் தொட்டியில் போட்டபோது மூன்றில் ஒன்றுதான் மிதந்தது, ஆகவே மற்ற இரண்டுக்கும் விலை பூஜ்யம். வலை வெயிலில் கிடந்து வெளுத்திருக்கிறது, இரண்டு விரலால் இழுத்தால் கண்ணி அறுகிறது. கயிறு மட்டும் புதிது. மிதக்கும் பிளாஸ்டிக் கயிறா, மூழ்கும் நைலானா என்று ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நங்கூரத்துக்கு நைலான்தான் சரி. மீன்பிடி உரிமம் ஆள் பேரில் இருப்பது, பரிசலோடு கைமாறாது. அதையும் சேர்த்து விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

மூன்று ஆள், வலை, மீன் எல்லாம் சேர்த்து ஏறினாலும் இந்த அகலத்துக்கு நாலு அங்குலத்துக்கு மேல் அமுங்காது. ஒரு அங்குலத்துக்குச் சுமார் 65 கிலோ தாங்கும். சாமான் நீங்கலான வெறும் பரிசல் உடல், அதாவது கூடு, வடிவம் கோணாமல் நன்றாக இருக்கிறது. விளிம்பில் பிளந்த பிவிசி குழாயைக் கவிழ்த்துக் கட்டியிருப்பதை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே விரிசல் இல்லை. விளிம்பு முழுசாக இருக்கும் பழைய பரிசல் அபூர்வம். அதற்காகவே இதை வாங்கலாம். கூட்டுக்கு 8,500, உருப்படியான துடுப்பு, கயிறு, ஒரு ஜாக்கெட் சேர்த்து 1,500. 10,000க்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம்.

விற்கிறவருக்கும் ஒன்று. அந்த நீலப் பெயின்ட் அடிக்காமல் தேய்ந்த அடியை அப்படியே காட்டி, செத்த ஜாக்கெட்டையும் வலையையும் ஒதுக்கியிருந்தால் விலை இவ்வளவு இறங்கியிருக்காது. புதுப் பெயின்டைப் பார்த்ததும் விவரம் தெரிந்தவர் கை முதலில் நாணயத்தைத்தான் தேடும்.

சேலத்துக்கு ஏற்றும்போது குட்டியானையில் படுக்காது. தொட்டி அகலம் ஐந்தடிக்கும் குறைவு. சாய்த்து நிறுத்தி, விளிம்பு இரும்பில் படும் இரண்டு இடத்திலும் சாக்கை நாலாக மடித்து வைத்து, கயிற்றை அடித்தட்டின் குறுக்கே போடாமல் பலகையில் கட்டுங்கள்.