அமெரிக்காவின் கொரோனா பரிசோதனைச் சொதப்பல்: சிடிசியா, எஃப்டிஏவா?

2020 பிப்ரவரியில் அமெரிக்காவில் கொரோனா பரிசோதனை ஏன் முடங்கியது என்று கேட்டால், பாதிப் பேர் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தை (சிடிசி) கைகாட்டுவார்கள், மீதிப் பேர் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தை (எஃப்டிஏ).

என்ன தவறு?
சிடிசி: மாநில ஆய்வகங்களுக்கு அனுப்பிய பரிசோதனை கிட்டிலேயே கோளாறு. ஒரு பாகத்தில் மாசு, இன்னொன்றில் வடிவமைப்புப் பிழை. 2021 டிசம்பரில் அதன் விஞ்ஞானிகளே இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.
எஃப்டிஏ: கிட் தயாரிப்பில் அதற்குப் பங்கில்லை. ஆனால் அவசரநிலை அறிவிக்கப்பட்டதும், ஆய்வகங்கள் சொந்தமாக உருவாக்கிய கொரோனா பரிசோதனைக்கும் அனுமதி கட்டாயம் என்றது. சாதாரண நாட்களில் இந்தக் கெடுபிடி இல்லை என்பதுதான் வேடிக்கை!

திருத்த எவ்வளவு நாள்?
சிடிசி: பிப்ரவரி 12-ல் கோளாறை வெளியே சொன்னது. பழுதான பாகத்தை விட்டுவிட்டுச் சோதிக்கலாம் என்ற வழி மாத இறுதியில்தான் வந்தது.
எஃப்டிஏ: பிப்ரவரி 29-ல் விதியைத் தளர்த்தியது. ஒரே கையெழுத்து வேலை.

சரி, யாரைக் குறை சொல்வது? முதல் கிட் ஏன் கெட்டது என்பது கேள்வியென்றால், சிடிசி. அது கெட்ட பிறகும் மாற்று ஏன் இல்லை என்பது கேள்வியென்றால், எஃப்டிஏ. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய குற்றம். இரண்டுக்கும் மேலே இருந்த சுகாதாரத் துறை அந்த வாரங்களில் என்ன செய்தது என்பது தனிக் கணக்கு.