உருக்காலையா, கத்திப் பட்டறையா?

இங்கிலாந்தில் 1947-இல் கட்டாயப் படிப்பு 15 வயது வரை நீட்டிக்கப்பட்டது. அதன்பின் ஷெஃபீல்டில் வளர்ந்த தொழிலாளர் வீட்டுப் பையன்கள் பலருக்கு, படிப்பு முடிந்த கையோடு இரண்டு வழிகள் இருந்தன: டான் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெரிய உருக்காலை, அல்லது நகர நடுவிலிருந்த கத்திப் பட்டறை.

பட்டறை தனி உலகம். ஊர்ப்பேச்சில் ‘லிட்டில் மெஸ்டர்’ எனப்பட்ட கைவினைஞர், ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, சாணை பிடிப்பதையோ பிடி பொருத்துவதையோ வாழ்நாள் தொழிலாகச் செய்தார். பையன் அருகில் நின்று, பார்த்துப் பார்த்தே கற்றான். கரண்டிகளுக்கு மெருகேற்றிய பெண்கள் தலையில் துணி கட்டி, உடுப்பின்மேல் பழுப்புத் தாளைச் சுற்றிக்கொண்டு, எண்ணெயும் மணலும் தெறிக்கச் சக்கரத்தின் முன் நின்றார்கள். அந்தக் கைத்திறனை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆயினும் குடும்பத்தைத் தாங்க வேண்டிய பையனுக்கு, அனலும் இரவு முறையும் வாட்டினாலும், தொழிற்சங்கத் துணையும் வாரக்கூலியும் தந்த உருக்காலையே மேல் என்பேன். அந்த உறுதியும் நிலைக்கவில்லை: ஹாட்ஃபீல்ட்ஸ் ஆலை 1983-இல் மூடப்பட்டது, அங்கே 1990-இல் மெடோஹால் வணிக வளாகம் திறக்கப்பட்டது.