நர்சுகளின் தகுதி அடுக்கை அமைத்துத் தருகிறோம் என்று 1,80,000 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள்

கோத்தகிரியில் நாங்கள் நடத்தும் சிறிய மருத்துவமனைக்கு ஒரு மனிதவள மென்பொருள் வாங்கினோம். 1,80,000 ரூபாய், மொத்தமும் முன்பணம். இன்று காலையும் எங்கள் தலைமை நர்சான மேட்ரன் பணிப்பட்டியலைக் கையால்தான் எழுதினார். அதை விற்ற அதே ஆட்கள் இப்போது குன்னூர், கூடலூர் பக்கம் விலை பேசுவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இந்தப் பதிவு.

நாங்கள் கேட்டது பெரிய வித்தை அல்ல. நர்சிங் படிப்புகளில் துணை நர்சுக்கான ஏ.என்.எம். இரண்டு ஆண்டு, பொது நர்சிங் டிப்ளமோவான ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பட்டப்படிப்பான பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. ஒரு வார்டுக்குக் குறைந்தது ஜி.என்.எம். வேண்டும் என்று விதித்தால், பி.எஸ்சி. படித்தவரையும் அது ஏற்க வேண்டும். டயாலிசிஸ் டெக்னீஷியன் டிப்ளமோ இந்த வரிசையில் சேராது, அது தனிக் கிளை. உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் இரண்டு ஆண்டில் காலாவதியாகும், பட்டத்துக்குக் காலாவதி கிடையாது.

மேட்ரன் இதை ஒவ்வொன்றாகக் கேட்டார். விற்க வந்தவர் எங்கள் தேநீரைக் குடித்துக்கொண்டே மடிக்கணினியில் மூன்று பெயர்களைத் தட்டிக் காட்டினார். "மேல்படிப்பு இருந்தால் கீழ்த்தகுதி தானாகவே நிரம்பிவிடும் மேடம், எங்கள் சிறப்பே அதுதான்" என்றார். மேட்ரன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். முப்பது ஆண்டு வார்டு பார்த்த பெண்மணியின் முகத்தைப் பார்த்து அவர் சொன்ன பொய் அது. நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

உள்ளே அடுக்கு என்று எதுவுமே இல்லை. எல்லாத் தகுதிகளும் ஒரே நீளப் பட்டியல். ஜி.என்.எம். இடத்தில் பி.எஸ்சி. நர்சைப் போட்டால் "தகுதியற்றவர்" என்று சிவப்பில் வந்தது. பட்டத்துக்கும் காலாவதித் தேதி கேட்டது. வந்தவர் காட்டிய மூன்று பெயர்களுக்கும் ஒவ்வொரு தகுதியையும் கையால் டிக் செய்து வைத்திருக்கிறார்!

தொலைபேசியில் கேட்டோம். முதலில், மலையில் இணையம் சரியில்லை என்றார்கள். பிறகு, உங்கள் தரவு சரியில்லை என்றார்கள். அடுத்த பதிப்பில் வரும் என்றார் ஒருவர். கடைசியில் பேசியவர், தகுதி அடுக்கு தனிப் பிரிவு, அதற்கு மேலும் 60,000 ரூபாய் என்றார். 1,80,000 ரூபாயை வாங்கியபோது அந்தப் பிரிவின் பெயரைக்கூட யாரும் உச்சரிக்கவில்லை. இப்போது எங்கள் எண்ணைப் பார்த்தாலே எடுப்பதில்லை. 1,80,000 ரூபாய் என்பது எங்களைப் போன்ற இடத்தில் பல நர்சுகளின் மாதச் சம்பளம்.

வாங்கப் போகிறவர்கள் உங்கள் ஊழியர் பட்டியலையே கொடுத்து, உங்கள் கண்முன் ஏற்றச் சொல்லுங்கள். உயர்ந்த தகுதி தாழ்ந்ததை ஏற்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தரவை எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள், எங்களுக்கு பி.டி.எஃப். மட்டுமே தருகிறது. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வணிகத் தேவைக்கு வாங்கியது என்பதால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்கு நிற்பது கடினம் என்கிறார் எங்கள் வழக்கறிஞர். உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போகப்போகிறோம்.