கோரமங்களால என்ஜமீனா: ஒரு சின்ன ஸ்க்ரீனிங் ரூம் பத்தி

பெங்களூர்ல உலக சினிமா போடுறோம்னு சொல்ற எடம் நெறைய இருக்கு, முக்காவாசி எடத்துல படத்த ஓட விட்டா வேல முடிஞ்சுதுன்னு இருப்பாங்க. கோரமங்களால ஒரு வீட்டு மாடில நடக்குற இந்த ரூம்ல அப்படி இல்ல. ஆஃப்ரிக்கால இருக்குற சாட் நாட்டுத் தலைநகர் என்ஜமீனாவ மட்டும் எடுத்துக்கிட்டு, சனி ஞாயிறு ரெண்டு நாளும் ஊர் சரித்திரமும் படமும் மாறி மாறி காட்டுனாங்க. ஒரு ஆளுக்கு 500 ரூபா, எனக்கு அது ரொம்ப நியாயமாத்தான் பட்டுச்சு.

சாரி ஆறும் லோகோன் ஆறும் சேர்ற எடத்துல 1900ல ஃப்ரெஞ்சுக்காரங்க போட்ட கோட்டதான் ஊருக்கு ஆரம்பம், கூசெரி சண்டைல செத்த மேஜர் லாமி பேர்ல ஃபோர்ட் லாமின்னு இருந்து, 1960ல சுதந்திரம் வாங்கி, 1973லதான் என்ஜமீனான்னு ஆச்சு. 1979லேர்ந்து ஊருக்குள்ளயே சண்ட. இத மேப்பு போட்டு சுருக்கமா சொல்லிட்டு நேரா 'பை பை ஆஃப்ரிக்கா'வுக்குப் போயிட்டாங்க. 1999ல வந்த படம், சாட் நாட்டோட முதல் முழுநீளப் படம், அதுல டைரக்டர் மஹமத் சாலே ஹாரூனே நடிச்சிருக்காரு, அம்மா செத்த சேதி கேட்டு ஃப்ரான்ஸ்லேர்ந்து ஊருக்கு வந்து, மூடிக் கெடக்குற தியேட்டர் ஒவ்வொண்ணா போய் பாக்குறாரு. என் பக்கத்துல அல்சூர் பெரியவர் ஒருத்தர் உக்காந்திருந்தாரு, "எம்.ஜி. ரோட்ல ப்ளாசாவ மெட்ரோவுக்கு இடிச்சப்ப இப்படி யாராவது எடுத்து வெச்சிருக்கலாம்ல தம்பி"ன்னாரு. எனக்கும் அதே நெனப்புதான் ஓடிட்டு இருந்துச்சு.

எனக்கு மனசுல நின்னது ஞாயித்துக்கிழம காலைல நடந்தது. சாட் ஜனாதிபதியா ஹிஸ்ஸேன் ஹாப்ரே 1982லேர்ந்து 1990 வரைக்கும் ஆண்டப்ப, ஃப்ரெஞ்சுக்காரங்க காலத்து நீச்சல் குளம் ஒண்ண மேல கான்க்ரீட் போட்டு மூடி, உள்ள அறை அறையா தடுத்து ஜெயிலாக்கிட்டாங்க, ஊர்ல அதுக்கு பேரே நீச்சல் குளம்தான். அவன் ஆட்சில 40,000 பேர் வரைக்கும் செத்திருப்பாங்கன்னு விசாரணை கமிஷன் சொன்னுச்சு, 2016ல செனகல் நாட்டு டாகர்ல அவனுக்கு ஆயுள் தண்டனை குடுத்தாங்க. இத சொல்லி முடிச்ச கையோட 'எ ஸ்க்ரீமிங் மேன்' போட்டாங்க பாருங்க, படம் ஃபுல்லா ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்த சுத்திதான். ஒரு காலத்துல நீச்சல் சாம்பியனா இருந்த ஆதாம் அங்க வேல பாக்குறாரு, அவர் வேலைய மகனுக்குக் குடுத்துட்டு இவர கேட்ல நிறுத்திடுறாங்க, ஒவ்வொரு வண்டிக்கும் தடுப்புக் கம்பிய தூக்கித் தூக்கி எறக்குறாரு, உள்நாட்டுச் சண்டைக்கு காசு கேட்டு வரும்போது காசில்லாம மகனையே பட்டாளத்துக்குக் குடுத்துடுறாரு. தனியா வீட்ல பாத்திருந்தா அந்தத் தண்ணிய நான் சும்மா தண்ணியாத்தான் பாத்திருப்பேன். 2010ல கான் ஃபிலிம் ஃபெஸ்டிவல்ல ஜூரி ப்ரைஸ் வாங்குன படம், அதுக்கப்புறம்தான் சாட் கவர்மெண்ட்டு என்ஜமீனால மூடிக் கெடந்த நார்மண்டி தியேட்டர ரிப்பேர் பண்ணி 2011ல தொறந்துச்சு.

'தராத்' என்னைப் பொறுத்தவரை ஹாரூனோட பெஸ்ட். அப்பாவக் கொன்னவன சுடணும்னு துப்பாக்கியோட வந்த பையன் அவன்கிட்டயே ரொட்டி சுட கத்துக்குறான், தொண்டைல மெஷின வெச்சுதான் அந்த ஆளால பேச முடியும், அந்தக் குரல் கேக்குறப்ப எல்லாம் ஹால்ல ஒரு சத்தம் இல்ல. கடைசியா 'லிங்குயி', பழைய டயர அறுத்து உள்ள இருக்குற கம்பிய உருவி அடுப்பு பின்னி விக்கிற அம்மா, கர்ப்பமான 15 வயசுப் பொண்ணு. பேச்சு முடிஞ்சு கேள்வி கேக்க வந்த பொண்ணுங்க விடவே இல்ல.

கொறையும் சொல்லணும். ரெண்டு நாளும் ஹாரூன் ஒருத்தர் படம்தான், இஸ்ஸா செர்ஜ் கோயலோ எடுத்த 'தாரெஸலாம்' (2000) கட்டாயம் இருந்திருக்கணும், உள்நாட்டுச் சண்டையப் பத்தியே எடுத்த படம் அது, அத விட்டுட்டு சண்டைய மேப்புல காட்டுறது போதாது. நேர்லயும் சொன்னேன், குறிச்சுக்கிட்டாங்க. வெள்ளை சப்டைட்டில் மணல் தெருவுல பாதி தெரியல. ஸ்பீக்கர் ஒரு பக்கம் கரகரன்னுது.

பார்க்கிங் கெடையாது, ஆட்டோல போயிடுங்க. சீட்டு நம்பர் இல்ல, முன்னாடி போனவங்களுக்கு நடு வரிசை, அங்கேர்ந்துதான் சப்டைட்டில் கொஞ்சமாவது படிக்க முடியும்.