நிச்சயதார்த்த மோதிரத்துக்கு இன்சூரன்ஸுக்காக வேல்யூவேஷன் – சவுகார்பேட்டை அனுபவம்

வீட்டு இன்சூரன்ஸ்ல நகையையும் சேக்கலாம்னு முடிவு பண்ணதும் ஏஜென்ட் கேட்ட மொத பேப்பர் வேல்யூவேஷன் சர்டிபிகேட்தான். பாரத் கிருஹ ரக்ஷா பாலிசில நகைக்குன்னு தனியா ஒரு ஆப்ஷனல் கவர் இருக்கு, மொத்தம் 5 லட்சத்துக்குள்ள இருந்து ஒவ்வொரு நகையும் 1 லட்சத்த தாண்டலன்னா சர்டிபிகேட்டே வேணாம், ஆனா என் நிச்சயதார்த்த மோதிரம் அந்த ஒரு லட்சத்த தாண்டிருச்சு. பில்லு இருக்கேன்னு கேட்டா அது 2019 பில்லு, அப்ப தங்கம் கிராம் மூவாயிரத்து சொச்சம், இப்ப பத்தாயிரம் தாண்டியாச்சு, அத வச்சு என்ன பண்றது.

மொதல்ல வீட்டுப் பக்கத்துலயே ஒரு கடைல கேட்டோம். பேனா மாதிரி ஒரு டெஸ்டர கல்லு மேல வச்சாங்க, பீப் அடிச்சுது, "ஒரிஜினல் டைமண்டு மேடம்"னு சொல்லி லெட்டர்ஹெட்ல "டைமண்ட் ரிங் – 1, மதிப்பு 2.5 லட்சம்"னு ஒரே வரி எழுதி நீட்டிட்டாங்க. அந்த பேனா சூடு கடத்துறத வச்சு சொல்றது, லேப்ல வளத்த வைரத்துக்கும் அடிக்கும், வைரம் மாதிரியே இருக்கற வேற கல்லு மாய்சனைட்டுக்கே அடிக்கும். எட போடல, கல்லு சைஸ் எழுதல, வாங்குன விலைய விட எக்கச்சக்கமா போட்டா நாம சந்தோஷப்படுவோம்னு நெனச்சுட்டாங்க போல. அதுக்கு பிரீமியம் கட்டப்போறது யாரு?

அப்புறம்தான் தெரிஞ்சவங்க சொல்லி என்எஸ்சி போஸ் ரோட்டுல ஒரு சந்துக்குள்ள இருக்கற கவர்மென்ட் அப்ரூவ்டு வேல்யூவர்கிட்ட போனோம். வயசானவரு, பேச்சு கம்மி. மோதிரத்த உள்ள எங்கயும் எடுத்துட்டு போகல, எங்க முன்னாடியே டேபிள்ல வச்சுதான் எல்லாம் பாத்தாரு, இது ஒண்ணுக்கே நான் மார்க் போடுவேன். மொதல்ல துணியால தொடச்சாரு, அப்புறம் பத்து மடங்கு லென்ஸ்ல கல்லோட ஓரத்த திருப்பி திருப்பி பாத்து ஜிஐஏ ரிப்போர்ட்டுல (வைரத்த சோதிச்சு லேப் குடுக்கற தர ரிப்போர்ட்) இருக்கற நம்பரும் கல்லுல லேசர்ல பொறிச்ச நம்பரும் ஒண்ணுதானான்னு ஒவ்வொரு எழுத்தா சரி பாத்தாரு, "நீயும் பாரும்மா"ன்னு லென்ஸ என் கையில குடுத்தாரு, முடி மாதிரி குட்டியா எழுத்து, சத்தியமா எனக்கு அது வரைக்கும் அங்க நம்பர் இருக்கறதே தெரியாது!! எச்யூஐடி, அதான் ஒவ்வொரு நகைக்கும் தனியா போடற ஹால்மார்க் நம்பர், இல்லையேன்னு கேட்டேன், அது 2021ல வந்ததும்மா, உன் மோதிரத்துல பழைய ஹால்மார்க், பிஐஎஸ் முத்திரை, 18K750ன்னு தங்கத்தோட தரம், டெஸ்ட் பண்ண சென்டர் முத்திரை, கடை முத்திரை நாலும் இருக்குன்னு காட்டுனாரு. மொத்த எடை 3.620 கிராம், கல்லு அர கேரட், அதாவது 0.100 கிராம், அத கழிச்சு 3.520 கிராம் தங்கம்னு பிரிச்சு எழுதுனாரு.

எனக்கு ரொம்ப புடிச்சது மதிப்பு போட்ட விதம். தங்கத்துக்கு அன்னிக்கு ரேட்டு, 18 கேரட் கணக்குல. வைரத்துக்கு மட்டும் நாங்க 2019ல குடுத்தத விட கம்மியா போட்டாரு. லேப் வைரம் வந்ததுலேர்ந்து மார்க்கெட் எறங்கிருச்சும்மா, இன்னிக்கு இதே மாதிரி வாங்க என்ன ஆகுமோ அதத்தான் எழுதுவேன்னுட்டாரு. என் வீட்டுக்காரருக்கு மூஞ்சி கொஞ்சம் சுருங்கிருச்சு. ஆனா செய்கூலி, ஜிஎஸ்டி எல்லாம் சேத்து வந்த மொத்தம் பில்ல விட நல்லாவே ஜாஸ்தி, தங்கம் தூக்கி விட்ருச்சு.

போனஸா ஒண்ணு, கல்ல புடிச்சு நிக்கற நாலு கம்பில ஒண்ணு தேஞ்சிருக்கு, போடறதுக்கு முன்னாடி ஆசாரிகிட்ட குடுத்து சரி பண்ணிடுன்னு சொன்னாரு. இன்சூரன்ஸ விட இதுதான் உபயோகமா போச்சோ என்னவோ.

ஃபீஸ் 1,500, மதிப்புல பர்சென்டேஜ் கெடையாது, நகைக்கு இவ்ளோன்னு வாங்குறாரு. கொறைன்னா சர்டிபிகேட்டுல போட்டோ கருப்பு வெள்ளைல மங்கலா வந்துச்சு, நாங்களே கலர்ல எடுத்து குடுத்தோம், ஒட்டி சீல் வச்சு குடுத்தாரு. என் பேர தப்பா அடிச்சிருந்தாங்க, திருத்த அர மணி நேரம் ஒக்கார வேண்டியதாச்சு, ஆதார்ல இருக்கற மாதிரியே எழுதிக் குடுத்துருங்க.

லாக்கர்ல இருந்தா எதுக்கு இதெல்லாம்னு கேக்கறவங்களுக்கு, திருட்டு, தீ விபத்துன்னா பேங்க் பொறுப்பு வருஷ வாடகையோட 100 மடங்கு வரைக்கும்தான்.

போறவங்க பில்லு, ஜிஐஏ ரிப்போர்ட் ரெண்டும் ஒரிஜினலா எடுத்துட்டு போங்க. கார் வேணாம், ஹைகோர்ட் மெட்ரோல எறங்கி நடந்துருங்க. ரெண்டாவது மாடி, லிஃப்ட் கெடையாது, படி ரொம்ப குறுகல், முட்டி வலி இருக்கறவங்கள கூட்டிட்டு போகாதீங்க.