கோடாரியா, ஸ்ப்ளிட்டிங் மாலா, ஆப்பும் சம்மட்டியுமா: பெங்களூர் வீட்டில் விறகு பிளக்க எது ஒத்துவரும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விறகு பிளக்க ஒரே ஒரு செட் சாமான்தான் வாங்க முடியும் என்றால், இரண்டு இரும்பு ஆப்பும் மூன்று நான்கு கிலோவில் ஒரு சம்மட்டியும் வாங்குங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் ஒரே போடில் துண்டு இரண்டாகப் பிளந்து விழுகிறதே, அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஸ்ப்ளிட்டிங் மால் என்கிற கனத்த பிளக்கும் கோடாரியைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். நல்ல சாமான்தான். ஆனால் அங்கே அவர்கள் பிளப்பது பெரும்பாலும் நார் நேராக ஓடுகிற பைனும் ஓக்கும். இங்கே நம் கைக்கு வருவது தூங்குமூஞ்சி, தைலமரம், வேம்பு, மா. மரத்தைப் பார்க்காமல் ஆயுதத்தை மட்டும் ஒப்பிட்டுப் பேசுவதில் பயனே இல்லை.

அதனால் முதலில் மரம். ராமமூர்த்தி நகர், கே.ஆர்.புரம் பக்கம் பின்கட்டில் வெந்நீர் அடுப்பு வைத்திருக்கிற நம் ஆட்களுக்கு விறகு மூன்று வழியில் வருகிறது. ஏப்ரல், மே மழைக்காற்றில் சாய்கிற மரம், கட்டடம் முடிந்ததும் கழித்துப்போடுகிற சென்ட்ரிங் கம்பு, அப்புறம் மரக்கடையில் காசு கொடுத்து வாங்குகிற சில்வர் ஓக். தெருவில் விழுந்ததை மாநகராட்சி ஆட்களிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். நம் காம்பவுண்டுக்குள் நிற்கிற மரமாகவே இருந்தாலும், விலக்குப் பெற்ற சில வகைகளைத் தவிர, வெட்டுவதற்கு 1976 கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும்.

இதில் சில்வர் ஓக் சாது. காபித் தோட்டத்தில் நிழலுக்காக நேராக வளர்த்த மரம், நாரும் அப்படியே நேராக ஓடும், எதை வைத்து அடித்தாலும் பிளக்கும் (சிலருக்கு அந்தத் தூள் பட்டால் தோல் அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்). தூங்குமூஞ்சி அப்படியில்லை. அதன் நார் ஒரு வளையத்தில் இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்த வளையத்தில் வலப்பக்கம் சாயும், ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும், வேம்பும் அந்த ரகம்தான். தைலமரமும் சவுக்கும் பச்சையாக இருக்கும்போது பிளந்துவிட வேண்டும், காய்ந்து இறுகிவிட்டால் கோடாரி எகிறும். புளியைப் பிளக்கவே முயலாதீர்கள். கறிக்கடையில் வெட்டுகிற கட்டையைப் புளியமரத்தில் செய்வதே அது பிளக்காது என்பதால்தான். ஒரு துண்டு கிடைத்தால் அடியில் போட்டுப் பிளக்கிற கட்டையாக வைத்துக்கொள்ளுங்கள், முழங்கால் உயரத்துக்கு, அதைவிட நல்ல கட்டை கிடைக்காது.

சரி, இப்போது கோடாரி. சிட்டி மார்க்கெட் பக்கத்து இரும்புக் கடைகளில் தலை தனியாக, காம்பு தனியாகக் கிடைக்கும். ஒன்றரை கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை தலை எடுத்தால் போதும். நம் ஊர்க் கோடாரியின் வாய் மெல்லியது, அது வெட்டுவதற்கென்று அடித்தது. மெல்லிய வாய் மரத்துக்குள் ஆழமாக இறங்கும், ஆனால் இரண்டு பக்கமும் தள்ளி அகட்டாது, அதனால் பெரிய துண்டில் போய் மாட்டிக்கொண்டு நிற்கும். அதே சமயம் தொடை கனத்துக்கு உட்பட்ட துண்டு, சில்வர் ஓக், பச்சைச் சவுக்கு என்றால் இதைவிட வேகமான சாமான் கிடையாது. கை அலுக்காது, கிளையும் கழிக்கலாம், வாய் மழுங்கினால் அரம் வைத்துத் தீட்டிக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று, கோடாரியின் பின்பக்கத்தைச் சம்மட்டியாக்கி ஆப்பை அடிக்காதீர்கள். காம்பு நுழைகிற கண்ணின் சுவர் மெல்லியது, அடிக்க அடிக்க விரிந்து, ஒரு நாள் தலை கழன்று பறக்கும்.

ஸ்ப்ளிட்டிங் மால் என்பது கோடாரி வாயும் சம்மட்டி முதுகும் சேர்ந்தது, தலை மட்டும் மூன்று, மூன்றரை கிலோ இருக்கும். வாய் அகலமாகச் சரிந்திருப்பதால் மாட்டாது, அகட்டித் தள்ளும், பின்பக்கத்தால் ஆப்பையும் தாராளமாக அடிக்கலாம். ஆனால் கனம் கூடினால் பலம் கூடும் என்கிற கணக்கு பாதிதான் உண்மை. அடியின் சக்தி எடையோடு நேராகவும், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறுகிறது. 3.6 கிலோ தலை கொடுக்கிற சக்தியை 2 கிலோ தலை கொடுக்க, வீச்சில் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடினால் போதும். இருபது துண்டு பிளந்த பிறகு கை தளர்ந்து வேகம் விழுந்துவிடுகிற ஒருவருக்கு மாலின் கனம் பாரமாகத்தான் போகும். ஃபிஸ்கார்ஸ் எக்ஸ் 27 மாதிரி நீளக் காம்பு வைத்த பிளக்கும் கோடாரிகள் இந்தக் கணக்கில்தான் உருவானவை, தலை நடுத்தரம், காம்பு 36 அங்குலம், வேகத்தில் வேலையை முடிப்பது. விலையைத் தாங்க முடிகிறவருக்கு அருமையான சாமான்.

இடத்துக்கு எங்கே போவது? அதுதான் நம் ஊரில் இந்த இரண்டையும் தோற்கடிக்கிறது. முப்பதுக்கு நாற்பது சைட்டில் வீடு கட்டியது போக மிஞ்சுகிற பின்கட்டில், ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், தலைக்கு மேலே தகர ஷீட், அதற்குக் கீழே துணி காயப்போடுகிற கம்பி. 36 அங்குலக் காம்பைத் தலைக்கு மேலே தூக்கி வீச வேண்டுமென்றால் உங்களைச் சுற்றி இரண்டு மீட்டருக்கு எதுவும் இருக்கக் கூடாது, மேலேயும் இருக்கக் கூடாது. குழந்தைகள் ஓடிவருகிற சந்தில் அப்படி வீசுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆப்புக்கு இந்தக் கஷ்டம் இல்லை. சம்மட்டியைத் தோள் உயரத்துக்குத் தூக்கினால் போதும். எங்கள் பக்கம் மரம் வெட்ட வருகிற தர்மபுரிக்காரர் ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். துண்டை நிறுத்தி வைத்ததும் அடிக்க மாட்டார், குனிந்து மேல்முகத்தைப் பார்ப்பார். காய்கிற மரத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடுகிற வெடிப்பு இருக்கும், அதன் நேரில்தான் ஆப்பு. "நடுவுல வைக்காதீங்கண்ணா, ஓரத்துலேர்ந்து வாங்க, கணு இருக்கிற பக்கமே போகாதீங்க" என்பார். முதலில் இரண்டு மூன்று மெல்லிய தட்டு, ஆப்பு தானாக நிற்கும் வரை. பிறகு அடி. ஆப்பு இறங்க இறங்கச் சத்தம் மாறிக்கொண்டே வரும், கணீரென்று கேட்டது மந்தமாகும், நடுவில் நிறுத்திக் காது கொடுத்தால் நார் ஒவ்வொன்றாக அறுகிற சடசடப்பு உள்ளே கேட்கும். அங்கே அவர் அவசரப்பட மாட்டார், வெடிப்பு ஓடிய கோட்டில் கொஞ்சம் தள்ளி இரண்டாவது ஆப்பை வைப்பார், அது இறங்கும்போது முதல் ஆப்பு தளர்ந்து கையோடு வந்துவிடும். கோத்துக்கொண்ட கடைசி நார்களைக் கோடாரியால் இரண்டு வெட்டு. கோடாரி எகிறிய அதே தூங்குமூஞ்சித் துண்டு இந்த முறையில் பிளக்கும். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும்.

ஆப்பின் குறைகளையும் சொல்ல வேண்டும். ரொம்ப மெதுவான வேலை. நேர் நார் மரத்துக்கு ஆப்பு போடுவது நேரத்தை வீணாக்குவது. இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும், மத்தியானத் தூக்க நேரத்தில் வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம், அடிபட்டு அடிபட்டு ஆப்பின் தலை நசுங்கி விளிம்பு வெளியே மடியும். அந்த மடிப்பிலிருந்து சின்னச் சில்லு தெறித்தால் கண்ணே போய்விடும். மடிப்பு தெரிந்ததுமே கிரைண்டரில் தேய்த்துவிடுங்கள், கண்ணாடி போடாமல் சம்மட்டியைத் தொடாதீர்கள், ரப்பர் செருப்போடும் நிற்காதீர்கள்.

கையால் பம்ப் அடிக்கிற ஹைட்ராலிக் கருவியும் ஆன்லைனில் விற்கிறார்கள். சத்தமில்லை, வீச்சில்லை, முதுகு வலிக்காரர்களுக்கு நல்லது. மற்றவர்களுக்கு அந்த விலையில் இரண்டு வருஷ விறகைப் பிளந்தே வாங்கிவிடலாம்.

அடுப்புப் பற்றவைக்கிற சிறு விறகுக்குக் கோடாரியே வேண்டாம். ஒரு கையால் குச்சியைப் பிடித்து மறுகையால் கோடாரி போடுகிற பழக்கத்தில்தான் விரல் போகிறது. நியூசிலாந்தில் அய்லா ஹட்சின்சன் என்ற பள்ளி மாணவி, அவருடைய அம்மாவுக்கு இப்படி விரலில் வெட்டுப்பட்டதைப் பார்த்துத்தான் 2013இல் கின்ட்லிங் கிராக்கரை உருவாக்கினார். வளையத்துக்குள் வாய் மேலே பார்த்தபடி கத்தி நிற்கும், மரத்தை அதன் மேல் வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டியதுதான். அது இல்லாவிட்டால் வீட்டிலிருக்கிற கொடுவாளே போதும்: வாயைக் குச்சியின் தலையில் வைத்து, கொடுவாளின் முதுகில் ஒரு மரக்கட்டையால் தட்டுங்கள், குச்சியைப் பிடித்த கை கீழேயே இருக்கட்டும்.

சென்ட்ரிங் கம்பு பிளக்கிறவர்கள் எந்தச் சாமான் எடுத்தாலும் முதலில் ஆணி தேடிப் பிடுங்கிவிடுங்கள், ஒரே ஆணியில் கோடாரி வாய் பல் விழுந்துவிடும். காம்பு வாங்கும்போது இரும்புக் குழாய் பற்றவைத்ததை எடுக்காதீர்கள், அதிர்வு முழுக்க முழங்கைக்கு வரும். மரக் காம்பாக எடுத்து, அடிப்பக்கத்தை முகத்துக்கு நேரே திருப்பி நார் ஓடுகிற திசையைப் பாருங்கள். கோடாரி வாயின் திசையிலேயே ஓடினால் எடுத்துக்கொள்ளுங்கள், குறுக்கே ஓடினால் வேறு கேளுங்கள்.